குறட்டையும் தாடை அமைப்பும்: பல் சீரமைப்பு மருத்துவரின் பதில்கள்

பல்வரிசையையும் தாடையையும் சீரமைப்பது என் தொழில். பெரியவர்களின் குறட்டை பற்றி உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்குக் கீழே பதில் எழுதியிருக்கிறேன். ஒரே பொருளைக் கேட்டவர்களின் கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன். பதில்கள் பொதுவானவை. உங்கள் வாயையும் தொண்டையையும் நேரில் பார்த்த மருத்துவரின் சொல்லுக்கு இவை மாற்றாக மாட்டா.

கேள்வி: என் கணவருக்கு வயது 41. பருமனான உடல்வாகு இல்லை, மதுப் பழக்கமும் இல்லை. ஆனாலும் அடுத்த அறைக்குக் கேட்கும் அளவுக்குக் குறட்டை விடுகிறார். காது மூக்கு தொண்டை மருத்துவர், தாடை உள்வாங்கியிருக்கிறது, பல் சீரமைப்பு மருத்துவரையும் பாருங்கள் என்கிறார். பல்லுக்கும் குறட்டைக்கும் என்ன தொடர்பு?

பல்லுக்குத் தொடர்பு குறைவு. பல்லைத் தாங்கும் எலும்புக்கே தொடர்பு அதிகம். மூக்குக்குப் பின்னாலிருந்து குரல்வளை வரை செல்லும் தொண்டைக் குழாயைச் சுற்றி, விறைப்பாகத் தாங்கிப் பிடிக்கும் எலும்பு வளையம் எதுவும் கிடையாது. விழித்திருக்கும்போது தசைகளே அதைத் திறந்து வைத்திருக்கின்றன. தூங்கியதும் அந்தத் தசைகள் தளர்கின்றன. மல்லாந்து படுத்தால் நாக்கு தன் எடையாலேயே பின்னோக்கிச் சரிகிறது. குறுகிய இடைவெளியில் காற்று வேகமாகப் பாயும்போது மென்னண்ணமும் (அண்ணத்தின் மென்மையான பின்பகுதி) உள்நாக்கும் தொண்டைச் சுவரும் படபடக்கின்றன. அந்தப் படபடப்பின் ஓசைதான் குறட்டை.

இதில் தாடை எங்கே வருகிறது என்றால், நாக்கின் முக்கியமான தசை கீழ்த்தாடையின் உட்புறத்தில், மோவாய்க்கு நேர்பின்னே ஒட்டியிருக்கிறது. கீழ்த்தாடை சிறியதாகவோ பின்தள்ளியோ இருந்தால் நாக்கின் அடியும் அந்த அளவுக்குப் பின்னால்தான் இருக்கும். மேல்தாடை குறுகி, அண்ணம் கோபுரம்போல் உயர்ந்திருந்தால் இரண்டு இடர்கள் சேர்ந்து வருகின்றன: நாக்குக்கு மேலே இடம் போதாது, அண்ணத்தின் மேற்புறமே மூக்கின் தளம் என்பதால் மூக்குக் குழியும் ஒடுங்குகிறது. குழாயில் காற்று சீராக ஓடும்போது அதன் ஆரம் பாதியானால் தடை 16 மடங்காகும் என்பது இயற்பியல் கணக்கு. தொண்டை இவ்வளவு ஒழுங்கான குழாய் அன்று என்றாலும், ஓரிரு மில்லிமீட்டர் ஏன் இத்தனை வித்தியாசத்தை உண்டாக்குகிறது என்பதை இந்தக் கணக்கு உணர்த்தும். ஒல்லியானவர்களும் குறட்டை விடுவதற்கு இதுவே பெரும்பாலும் காரணமாக இருக்கிறது. ஆகவே அந்த மருத்துவர் உங்களைச் சரியான வழியில்தான் அனுப்பியிருக்கிறார்.

கேள்வி: எனக்குத் தாடை அமைப்பினால்தான் குறட்டை வருகிறதா என்பதை வீட்டிலேயே பார்த்துக்கொள்ள முடியுமா?

முடிவு கட்ட முடியாது, ஆனால் சில தடயங்களைக் காணலாம். கண்ணாடி முன் நின்று வாயை அகலத் திறந்து நாக்கை நீட்டுங்கள். உள்நாக்கும் தொண்டையின் பின்சுவரும் தெரியாமல் நாக்கே மறைத்தால், வாய்க்குள் இடம் குறைவு என்று கொள்ளலாம். நாக்கின் விளிம்பில் பல் பதிந்த தடங்கள் வரிசையாக இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

நான் நோயாளியை நாற்காலியில் சாய்த்துச் செய்யச் சொல்லும் ஒன்றையும் நீங்கள் செய்து பார்க்கலாம். வேண்டுமென்றே குறட்டை ஒலியை எழுப்புங்கள். பிறகு கீழ் முன்பற்கள் மேல் முன்பற்களுக்கு வெளியே வரும்படி தாடையை முன்னே நீட்டிக்கொண்டு அதே ஒலியை எழுப்ப முயலுங்கள். பலருக்கு ஒலி வருவதே இல்லை, அல்லது மெலிந்துவிடுகிறது. முதன்முறை இதைச் செய்துவிட்டு வியப்போடு என்னை நிமிர்ந்து பார்க்காதவர்கள் குறைவு. தாடை நகர்ந்தால் தொண்டை திறக்கிறது என்பதை அவர்கள் தங்கள் தொண்டையிலேயே உணர்ந்துவிடுகிறார்கள். ஆனால் விழித்திருக்கும் தொண்டையும் தூங்கும் தொண்டையும் ஒன்றல்ல என்பதால் இதை ஒரு குறிப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எனக்குக் குறட்டை மட்டும்தான், வேறு தொந்தரவு இல்லை. தூக்கப் பரிசோதனை இல்லாமல் நேரடியாகத் தாடைக் கருவி செய்துகொள்ளக் கூடாதா?

கூடாது. இந்தப் பக்கத்தில் நான் எழுதுவதில் எதை மறந்தாலும் இந்த ஒன்றை மறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். குறட்டை என்பது ஓசை. அதன் பின்னே ஸ்லீப் ஆப்னியா எனப்படும் மூச்சுத் தடை ஒளிந்திருக்கலாம். தூங்கும்போது மூச்சு 10 நொடியோ அதற்கு மேலோ நிற்பதையும், வெகுவாகக் குறைவதையும் சேர்த்து எண்ணி, மணிக்கு எத்தனை முறை என்று கணக்கிடுகிறார்கள். 5-க்குக் கீழே இருந்தால் பெரியவர்களுக்கு இயல்பு. 5 முதல் 15 வரை லேசானது. 15 முதல் 30 வரை நடுத்தரம். அதற்கு மேல் கடுமையானது. கடுமையான மூச்சுத் தடை உயர் ரத்த அழுத்தத்தோடும் இதய நோயோடும் தொடர்புடையது. தமக்கு ஒரு தொந்தரவும் இல்லை என்று சொல்கிறவர்களிடமும் இது இருப்பதுண்டு. தூங்கும் மனிதருக்குத் தம் மூச்சு நிற்பது தெரியாது.

பரிசோதனை இல்லாமல் கருவி செய்தால் நேரும் கெடுதல் என்னவென்றால், ஓசை அடங்கிவிடும், மூச்சுத் தடை பாதியளவில் தொடரும், எச்சரிக்கை மணியாக இருந்த குறட்டையும் போய்விட்டதால் ஒருவரும் கவனிக்க மாட்டார்கள். முதலில் தூக்க மருத்துவர் நோயைக் கண்டறிய வேண்டும். அதன் பிறகே எங்கள் வேலை தொடங்குகிறது.

கேள்வி: அலைனர் (பல்மேல் கழற்றி மாட்டும் ஒளிபுகும் உறை) போட்டுப் பல்லை வரிசைப்படுத்தினால் குறட்டை நிற்குமா?

நிற்காது. அலைனரோ கம்பியோ, அவை பல்லை எலும்புக்குள் நகர்த்துகின்றன. பெரியவர்களின் தாடையை வளர்ப்பதில்லை. பல் அழகுக்காகவும் கடிக்கும் வசதிக்காகவும் அவற்றைப் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: தாடையை முன்னே நகர்த்தும் கருவி எப்படி வேலை செய்கிறது? வெந்நீரில் போட்டுக் கடித்து வடிவமைத்துக்கொள்ளும் கருவிகள் இணையத்தில் கிடைக்கின்றனவே, அவை போதாதா?

மேல்பற்களுக்கு ஒன்றும் கீழ்ப்பற்களுக்கு ஒன்றுமாக இரண்டு தட்டுகள், இரண்டையும் இணைத்துக் கீழ்த்தாடையைச் சற்று முன்னே பிடித்து வைக்கும் ஓர் அமைப்பு, இவ்வளவுதான் கருவி. இரவில் மட்டும் அணிய வேண்டும். தாடை முன்னே வரும்போது நாக்கின் அடியும் கூடவே வருகிறது, மென்னண்ணத்தின் பக்கவாட்டுத் தசைகளும் இழுபட்டு விறைக்கின்றன. உங்களால் தாடையை அதிகபட்சம் எவ்வளவு முன்னே நீட்ட முடியுமோ அதில் ஏறக்குறைய பாதியில் தொடங்கி, பல வாரங்களில் சிறிது சிறிதாகக் கூட்டுவது வழக்கம். அவசரப்பட்டுக் கூட்டினால் தாடை மூட்டு வலிக்கும்.

வெந்நீர்க் கருவி பல்லைச் சரியாகப் பற்றாது, இரவில் கழன்றுவிடும், இப்படி நுட்பமாகக் கூட்டிக் குறைக்கவும் பெரும்பாலானவற்றில் வழியில்லை. அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகமும் அங்குள்ள பல் தூக்க மருத்துவக் கழகமும் இணைந்து 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், அளவெடுத்துச் செய்த, கூட்டிக் குறைக்கக்கூடிய கருவியையே பரிந்துரைக்கிறது. வெறும் குறட்டைக்காகச் சிகிச்சை கேட்பவர்களுக்கும், மூச்சுத் தடை இருந்தும் சி-பாப் இயந்திரத்தைத் தாங்க முடியாதவர்களுக்கும் அதைக் கொடுக்கலாம் என்பது அதன் நிலைப்பாடு. சி-பாப் என்பது 1981-இல் ஆஸ்திரேலியாவின் காலின் சல்லிவன் அறிமுகப்படுத்திய, முகமூடி வழியாக அழுத்தத்தோடு காற்றைச் செலுத்தும் முறை. மூச்சுத் தடையை நீக்குவதில் இன்றும் அதுவே வலிமையானது. ஆனால் முகமூடியைக் கழற்றி வைத்துவிடுகிறவர்கள் பலர். வாய்க்கருவியைத் தொடர்ந்து அணிகிறவர்கள் அவர்களைவிட அதிகம். அணியாத இயந்திரத்தால் பயனில்லை என்பதால்தான் வாய்க்கருவிக்கு இந்த இடம் கிடைத்திருக்கிறது.

கருவி கழலாமல் பிடித்து நிற்க, ஒவ்வொரு தாடையிலும் 8 முதல் 10 உறுதியான பற்களாவது வேண்டும். ஈறு நோயால் பல் ஆடினால் முதலில் அதற்குச் சிகிச்சை. பக்கவிளைவுகளையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தொடக்கத்தில் எச்சில் ஊறும் அல்லது வாய் உலரும். காலையில் கருவியைக் கழற்றியதும் கடைவாய்ப் பற்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல், காலைச் சாப்பாட்டை மெல்லும்போது கடி விலகியிருப்பதுபோல் இருக்கும். இது பெரும்பாலும் சிறிது நேரத்தில் சரியாகும். தாடையைப் பழைய இடத்துக்குக் கொண்டுவரும் சிறு பயிற்சிகளையும் தருவோம். ஆண்டுக்கணக்கில் அணியும்போது மேல் முன்பற்கள் சற்று உள்ளேயும் கீழ் முன்பற்கள் சற்று வெளியேயும் நகர்ந்து, கடி நிரந்தரமாகவே மாறக்கூடும். இந்த மாற்றம் மெதுவாக வருவதால் நோயாளிக்குப் புலப்படாது. ஆண்டுதோறும் அளந்து பார்ப்பதற்குப் பல் சீரமைப்பு மருத்துவர் தேவைப்படுவது இதனால்தான்.

கேள்வி: வயது 34. என் மேல்தாடை குறுகலாக இருக்கிறது, விரிக்கலாம் என்கிறார் ஒரு மருத்துவர். கழற்றி மாட்டும் தட்டினாலேயே தாடையை வளர்க்கலாம் என்கிறார் இன்னொருவர். எதை நம்புவது?

அண்ணத்தின் நடுவில், முன்னிருந்து பின்னாக ஒரு பொருத்துக்கோடு ஓடுகிறது. சிறுவயதில் அந்த இரண்டு பாதிகளையும் திருகு கொண்டு விலக்கலாம். எமர்சன் ஏஞ்சல் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் 1860-லேயே இதைச் செய்து பதிவு செய்திருக்கிறார். வளர வளர அந்தக் கோட்டின் இரு ஓரங்களும் ரம்பப் பற்கள்போல் ஒன்றுக்குள் ஒன்று கோத்து இறுகிவிடுகின்றன. அதன் பிறகு பல்லை மட்டும் பிடித்துத் தள்ளினால் எலும்பு விலகாது, பற்கள் வெளிப்பக்கம் சாயும், ஈறு இறங்கி வேர் தெரியத் தொடங்கும். கழற்றி மாட்டும் தட்டு பெரியவர்களின் எலும்பை வளர்க்கும் என்ற பேச்சை நான் ஏற்கவில்லை. அதை நம்பி ஈறைக் கெடுத்துக்கொண்டு வந்தவர்களைப் பார்த்து வருந்தியிருக்கிறேன்.

பெரியவர்களுக்கு நேர்மையான வழிகள் இரண்டு. ஒன்று, அண்ணத்து எலும்பிலேயே சிறு திருகாணிகளைப் பதித்து, அவற்றின் துணையோடு விரிப்பது. மற்றொன்று, அறுவை சிகிச்சையால் எலும்பைத் தளர்த்திவிட்டு விரிப்பது. திருகை ஒருமுறை திருப்பினால் பொதுவாகக் கால் மில்லிமீட்டர் அளவுக்கு விரியும். கோடு திறந்தால் சில நாட்களில் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே இடைவெளி தோன்றும். நோயாளிகள் அதைக் கண்டு பதறுவார்கள். எங்களுக்கோ எலும்பு விலகியதன் அடையாளம் அது. இடைவெளியைப் பிறகு கம்பி போட்டு மூடிவிடலாம். வயது கூடக் கூடத் திருகாணி முறை தோற்கும் வாய்ப்பும் கூடுகிறது, ஆகவே முப்பரிமாண ஸ்கேனில் அந்தக் கோட்டைப் பார்க்காமல் தொடங்க வேண்டாம்.

குறட்டைக்கு இது எவ்வளவு உதவும்? மேல்தாடை உண்மையிலேயே குறுகி, மூக்கு வழியாகச் சுவாசிக்கச் சிரமப்படுகிறவர்களுக்கு மூக்கடைப்பு குறைந்து மூச்சு எளிதாகும். நாக்கின் அடி பின்னால் விழுவதே உங்கள் காரணமானால், அகலத்தைக் கூட்டி அதிகம் பெற முடியாது. தாடை போதிய அகலத்தோடு இருப்பவருக்குக் குறட்டைக்காக மட்டும் விரிப்பது தேவையற்ற வேலை.

கேள்வி: பதினாறு வயதில் எத்துப்பல்லுக்காக நான்கு முன்கடைவாய்ப் பற்களை எடுத்துக் கம்பி கட்டினார்கள். இப்போது குறட்டை விடுகிறேன். அதனால்தான் வந்ததோ என்று நினைத்து நினைத்துத் தூக்கமே போய்விட்டது.

உங்கள் கவலை புரிகிறது, ஆனால் அந்தப் பழியை அந்தச் சிகிச்சைமேல் போட வேண்டியதில்லை. வழக்கமான பல் சீரமைப்பு மூச்சுத் தடையை உண்டாக்குவதாக நிரூபிக்கப்படவில்லை என்று அமெரிக்கப் பல் சீரமைப்பு மருத்துவர் சங்கம் 2019-இல் வெளியிட்ட அறிக்கையில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பதினாறு வயதுக்குப் பிறகு கூடிய எடை, வயதோடு தளரும் தசை, மூக்கடைப்பு ஆகியவற்றை முதலில் பாருங்கள். இடத்தைத் திரும்பத் திறந்து செயற்கைப் பல் வைத்தால் குறட்டை போகும் என்று யாராவது சொன்னால், அதற்கு என்ன ஆதாரம் என்று கேளுங்கள்.

கேள்வி: பல் செட்டைக் கழற்றிவிட்டுத் தூங்கும் என் அப்பாவுக்குக் கருவி பொருந்துமா?

பற்களே இல்லாதவருக்குத் தாடைக் கருவி பிடிப்பின்றிக் கழன்றுவிடும். நாக்கை உறிஞ்சிப் பிடிக்கும் குமிழ் போன்ற கருவி ஒன்று உண்டு. சிலருக்கு அது ஒத்துக்கொள்ளும். செயற்கை வேர்களைப் பதித்து அவற்றின்மேல் தாடைக் கருவியை நிறுத்தவும் முடியும்.

கேள்வி: மணிக்கு 46 முறை மூச்சு நிற்கிறதாம். இரண்டு தாடைகளையும் முன்னகர்த்தும் அறுவை சிகிச்சையைச் சொல்கிறார்கள். பயமாக இருக்கிறது.

பெரிய அறுவை சிகிச்சைதான், பயப்படுவதில் தவறில்லை. மேல்தாடையையும் கீழ்த்தாடையையும் வெட்டி, ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் முன்னே கொண்டுவந்து தகடும் திருகும் வைத்துப் பிணைப்பார்கள். தொண்டை முழு நீளத்துக்கும் விரிவதால், தொண்டையில் துளையிடுவதை விட்டால் மூச்சுத் தடைக்கு உள்ள அறுவை சிகிச்சைகளில் இதுவே அதிகப் பலன் தருவது. முகத்தோற்றம் மாறும். கீழுதட்டிலும் மோவாயிலும் மரத்துப்போன உணர்வு மாதக்கணக்கில் நீடிக்கலாம், சிலருக்கு ஓரளவு நிலைத்தும் விடும்.

எங்கள் பங்கு இதற்கு முன்னும் பின்னும் இருக்கிறது. தாடை பின்தங்கியவர்களுக்குக் கீழ் முன்பற்கள் அதை ஈடுகட்ட முன்னே சாய்ந்திருக்கும். முதலில் கம்பி கட்டி அவற்றை நிமிர்த்துவோம். அந்த மாதங்களில் கடி முன்பைவிட மோசமாகத் தோன்றும். தாடையை நகர்த்த இடம் உண்டாக்குகிறோம் என்பதால் மனம் தளர வேண்டாம். சி-பாப் இயந்திரத்தைச் சரியான முகமூடியோடு, போதிய காலம் முயன்று பார்த்துவிட்டீர்களா என்பதையே முதலில் கேட்பேன். முயலவில்லை என்றால் அதிலிருந்து தொடங்குங்கள்.

கேள்வி: கருவி போட்ட முதல் வாரமே என் கணவரின் குறட்டை நின்றுவிட்டது, நானும் நன்றாகத் தூங்குகிறேன். சி-பாப் இயந்திரத்தைப் பரணில் ஏற்றிவிட்டோம். ஆனால் போன வாரம் வண்டி ஓட்டும்போது அவருக்குக் கண் சொக்கிவிட்டது. இது வேறு ஏதாவது நோயா?

அதே நோய் தொடர்கிறது என்றே முதலில் சந்தேகிக்க வேண்டும். உங்கள் காதுக்குக் கேட்பது ஓசை அடங்கியது மட்டும்தான்; மூச்சு எத்தனை முறை நிற்கிறது என்பதைக் காது சொல்லாது. இயந்திரத்தை இன்றிரவே இறக்கி, தூக்க மருத்துவர் வேறு சொல்லும்வரை அதைப் பயன்படுத்தச் சொல்லுங்கள். அதுவரை அவர் வண்டி ஓட்ட வேண்டாம். கருவியைச் செய்து தந்தவரிடம் போய், தாடையை இன்னும் முன்னே கொண்டுவர இடமிருக்கிறதா என்று பார்த்து, தேவைப்பட்டால் சில வாரங்களில் படிப்படியாகக் கூட்டச் சொல்லுங்கள். அந்த நிலையில் கருவியை வாயில் அணிந்துகொண்டே மறுபடியும் ஓர் இரவு தூக்கப் பரிசோதனை செய்ய வேண்டும். முன்பு வந்த எண்ணையும் இப்போது வரும் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு, இயந்திரத்தைப் பரணில் ஏற்றலாமா என்பதைத் தூக்க மருத்துவர் சொல்லட்டும்.