‘பியோம்போ’ என்ற சொல் எங்கிருந்து வந்தது?

மடக்குத் தட்டியைக் குறிக்க ஸ்பானிய மொழியிலும் போர்த்துக்கீசிய மொழியிலும் வழங்கும் ‘பியோம்போ’ என்ற சொல்லின் பொருளும் பிறப்பும் என்ன என்பது கேள்வி. அது ‘பியோபு’ என்னும் ஜப்பானியச் சொல்லின் திரிபு. அதுவோ சீனத்தின் ‘பிங்ஃபெங்’ என்பதன் ஜப்பானிய உச்சரிப்பு. முதல் எழுத்துக்கு மறைப்பு என்றும் இரண்டாவதற்குக் காற்று என்றும் பொருள். ஆகவே காற்றுத்தடுப்பு என்பதே நேர்ப்பொருள்.

அறையில் காற்றைத் தடுக்க வைத்த தட்டி ஓவியப் பரப்பாக வளர்ந்ததற்கு அதன் கீலும் ஒரு காரணம். ஜப்பானின் நாரா நகரில் உள்ள ஷோசோயின் கருவூலத்தில் உள்ளவை போன்ற 8ஆம் நூற்றாண்டுத் தட்டிகளில் ஒவ்வொரு பலகைக்கும் தனிச் சட்டம் இருந்தது. பலகைகளைக் கயிற்றாலோ தோல் வாராலோ பிணைத்தார்கள். பின்னர், இரு பக்கமும் மடங்கும் காகிதக் கீல் வந்ததும் இடைச்சட்டங்கள் மறைந்து, ஒரே காட்சியை எல்லாப் பலகைகளிலும் தொடர்ச்சியாகத் தீட்ட முடிந்தது.

1543இல் ஜப்பானை அடைந்த போர்த்துக்கீசியர் பொருளோடு பெயரையும் எடுத்துச் சென்றனர். மணிலாவிலிருந்து சென்ற கப்பல்கள் வழியாக மெக்சிகோவுக்கும் தட்டிகள் போயின. 17ஆம் நூற்றாண்டில் அங்கேயே செய்யப்பட்ட தட்டிகளில் ஸ்பானியர் அந்நாட்டை வென்ற கதை தீட்டப்பட்டது.

பெயர்க் குழப்பம் ஒன்றையும் சொல்ல வேண்டும்: ஐரோப்பியர் ‘கோரமண்டல் தட்டி’ என்றழைத்த அரக்குத் தட்டிகள் சீனத்தில் செய்யப்பட்டவை, நம் சோழமண்டலக் கரைத் துறைமுகங்கள் வழியாகக் கப்பலேறியதால் மட்டுமே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.