மண்ணெண்ணெய் தீர்ந்த இடம்

கேள்வி: பழைய கறுப்பு வெள்ளைப் பேய்ப்படம் ஒன்றைப் போட்டேன். பிள்ளைகள் சிரித்துவிட்டு எழுந்து போய்விட்டார்கள். எதிலிருந்து தொடங்குவது, ஐயா? (வாசகி, மாங்குளம்)

எந்தப் படம் என்று எழுதவில்லையே, தங்கச்சி! 1931இல் வந்த 'டிராகுலா' என்றால் பிள்ளைகள் மேல் பிழையில்லை. கோட்டையும் சிலந்திவலையும் டிராகுலாவாக நடித்த பேலா லுகோசியின் பார்வையும் அருமைதான். பிறகு எல்லோரும் வீட்டுக்குள் இருந்து கதைத்துக்கொண்டே இருப்பார்கள். அதே ஆண்டு வந்த 'பிராங்கென்ஸ்டைன்' படத்தைப் போடுங்கள். எழுபது நிமிடமளவில் முடிந்துவிடும்.

நான் அதைத் தொண்ணூறுகளில் மல்லாவியில் பார்த்தேன். மின்சாரம் இல்லாத காலம். ஒரு வீட்டு முற்றத்தில் ஜெனரேற்றர், டெக், சின்னத் தொலைக்காட்சிப் பெட்டி. ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு மண்ணெண்ணெய் வாங்கினோம். எம்.ஜி.ஆர். படம் என்று நம்பி எடுத்து வந்த வீடியோக் கொப்பிக்குள் இது இருந்தது. மொழி விளங்கவில்லை, ஒருவரும் எழும்பவுமில்லை. அந்தப் படத்தில் பின்னணி இசை இல்லையென்றே சொல்லலாம். 'இப்போது பயப்படு' என்று வயலின் வந்து சொல்லித்தராது. இடைவெளியைத் தவளைகள் நிரப்பின.

பிணங்களின் உறுப்புகளைத் தைத்து ஒரு விஞ்ஞானி உயிர்கொடுத்த உருவம்தான் கதை. குளக்கரையில் ஒரு சிறுமி அந்த உருவத்திடம் பூக்களைக் கொடுக்கிறாள். இருவரும் பூக்களைத் தண்ணீரில் எறிகிறார்கள். அவை மிதக்கின்றன. அந்த உருவமாக நடித்த போரிஸ் கார்லோஃப் சிரிக்கிறார். மணிக்கணக்காகப் பூசிய ஒப்பனைக்குள்ளிருந்து ஒரு குழந்தை சிரிக்கிறது! பூக்கள் முடிந்துவிடுகின்றன. கைகளைச் சிறுமியிடம் நீட்டுகிறார். ஜெனரேற்றர் நின்றுவிட்டது.

இருட்டில் குளக்கட்டு வழியே வீடு திரும்பினோம். ஒருவரும் கதைக்கவில்லை.

பல வருடங்களுக்குப் பிறகுதான் அறிந்தேன், தணிக்கைக்காரர்களும் அந்தக் கை நீளும் இடத்திலேயே வெட்டியிருந்தார்களாம். 1980களில்தான் மிச்சத்தைச் சேர்த்தார்கள். பூவைப்போல அவளும் மிதப்பாள் என்று நினைத்துத்தான் அவன் தூக்கி எறிகிறான். வெட்டியதால் பார்த்தவர்கள் அதைவிடக் கொடியதைக் கற்பனை செய்தார்கள். நானும் அப்படித்தான், பத்து வருடமாக அந்த அப்பாவியைச் சந்தேகித்தேன்.

கைத்தொலைபேசியில் பட்டப்பகலில் போடாதீர்கள். விளக்கை அணைத்துவிட்டுப் பிள்ளைகளோடு நீங்களும் இருங்கள்.

கேள்வி: அந்தப் பேயின் பெயர்தானே பிராங்கென்ஸ்டைன்? (முல்லைத்தீவு)

இல்லை, தம்பி. அது படைத்தவனின் பெயர். மேரி ஷெல்லி எழுதி 1818இல் வெளிவந்த மூல நாவலிலும் படைக்கப்பட்டவனுக்குப் பெயரில்லை. நீர் கேட்பது, குளம் கட்டிய மன்னனின் பெயரை அதில் கிடக்கும் முதலைக்கு வைப்பதைப்போல இருக்கிறது.

கேள்வி: கொட்ஸில்லா வெறும் றப்பர் உடுப்புத்தானே? (பரந்தன்)

உடுப்புத்தான். 1954இல் வந்த அந்த ஜப்பானிய இராட்சத விலங்குப் படத்தில் அதற்குள் வியர்த்து நின்றவர்களில் ஒருவர் ஹருவோ நகாஜிமா. அந்த உறுமலும் மிருகத்தினுடையதல்ல. பிசின் பூசிய தோல் கையுறையால் ஒரு பெரிய தந்தி வாத்தியத்தின் நரம்பைத் தேய்த்து எடுத்தது. இவ்வளவும் தெரிந்துகொண்டுதான் அண்மையில் வீட்டில் போட்டேன். நகரம் எரிகிறது. ஒரு தாய் பிள்ளைகளை அணைத்தபடி வீதியோரம் குந்தியிருந்து, "கொஞ்ச நேரத்தில் அப்பாவிடம் போய்விடுவோம்" என்கிறாள். ஹிரோஷிமாவுக்கு ஒன்பது வருடங்களுக்குப் பின் எடுத்த படம்.

என் மனைவி எழுந்து குசினிக்குள் போய்விட்டாள். மிச்சத்தை நான் தனியாகத்தான் பார்த்தேன்.