நீலப் பம்ப் மாதத்துக்கு ஒன்று முடிகிறதா?

முள்ளியவளைத் தங்கச்சிக்கு,

முட்டுக்கு (ஆஸ்துமாவுக்கு) நெபுலைசர் வைத்த கையோடு விரலில் குத்திப் பார்த்தபோது இரத்தச் சீனி 172 காட்டியது, இது சீனி வருத்தமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த ஒரு எண்ணை வைத்துச் சீனி வருத்தம் என்று யாரும் சொல்ல முடியாது. பயப்பட வேண்டாம்.

நீலப் பம்பில் இருக்கும் சல்பியூட்டமோல் மூச்சுக்குழாயைத் தளர்த்துவது அங்குள்ள பீட்டா-2 ஏற்பிகள் (மருந்து வந்து ஒட்டும் புரதங்கள்) வழியாகத்தான். அதே ஏற்பிகள் ஈரலிலும் தசையிலும் உண்டு. மருந்தில் கொஞ்சம் இரத்தத்தில் கலந்தால் ஈரல் தன் சேமிப்பிலிருந்து சீனியை விடும், கை நடுங்கும், பொட்டாசியம் சற்று இறங்கும். சில மணி நேரத்தில் எல்லாம் சரியாகிவிடும். இந்த ஏற்பி அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சங்கிலி; அதன் 16ஆவது இடத்தில் சிலருக்கு ஆர்ஜினின், சிலருக்குக் கிளைசின் என்ற அமினோ அமிலம் இருக்கும். யூடியூபில் நீங்கள் பார்த்த ‘ஜீன்’ கதை இதுதான். உங்கள் அக்காவுக்கு நடுங்காத கை உங்களுக்கு நடுங்க இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அவ்வளவுதான். அதற்காகக் கொழும்புக்குப் போய் ஜீன் பரிசோதனைக்குக் காசைக் கொட்டாதீர்கள். அதைப் பார்த்து நாங்கள் பம்ப் எழுதுவதில்லை.

என்னை உலுக்கியது கடிதத்தின் கடைசி வரி. ‘ஸ்டீரொய்ட்’ என்று பயந்து, மூச்சுக்குழாய் வீக்கத்தைத் தினமும் அடக்கி வைக்கும் மண்ணிறப் பம்பை நிறுத்திவிட்டீர்கள். நீலப் பம்ப் மாதத்துக்கு ஒன்று முடிகிறது. ஒரு பம்பில் 200 இழுப்பு. அப்படியென்றால் நாளுக்கு ஆறேழு! மூச்சுக்குழாய் உள்ளே வீங்கிக்கொண்டே இருக்கிறது என்று அர்த்தம். வருடத்துக்கு மூன்று நீலப் பம்ப் முடிந்தாலே நாங்கள் கவலைப்படுவோம். மண்ணிறப் பம்பில் போவது மைக்ரோகிராம் கணக்கு. ஈரல் அதைக் கழிக்கும் வேகம் ஆளுக்கு ஆள் மாறும்தான்; ஆனால் வழக்கமான அளவில் அது உங்கள் சீனியைப் பெரிதாக அசைக்காது. அதை நிறுத்தியவர்கள்தான் முட்டு முற்றி பிறெட்னிசோலோன் என்ற ஸ்டீரொய்ட் குளிசையில் வந்து நிற்கிறார்கள். சீனியை உண்மையில் ஏற்றுவது அந்தக் குளிசை. பாமசியில் கேட்டு நீங்களாக அதை வாங்கிப் போடவே கூடாது.

இன்றே மண்ணிறப் பம்பைத் தொடங்குங்கள். இழுத்ததும் வாயைக் கொப்பளியுங்கள். வயலில் வெட்டு மெசின் ஓடித் தூசி பறக்கும் நாட்களில் ஒரு வேளையும் தவறக் கூடாது. இந்த வாரமே இரண்டு பம்பையும் கிளினிக்குக்குக் கொண்டுபோய், இழுக்கும் விதத்தைக் காட்டுங்கள். அம்மாவுக்குச் சீனி இருப்பதால், முட்டு அடங்கிய பிறகு வெறும் வயிற்றில் ஒருமுறை பாருங்கள்; 100க்குக் கீழே என்றால் கவலையில்லை; 100 முதல் 125 வரை என்றால் சீனி வருத்தத்துக்கு முந்திய நிலையாக இருக்கலாம், 126 அல்லது அதற்கு மேல் என்றால் சீனி வருத்தமாக இருக்கலாம்; இரண்டிலும் கிளினிக்கில் காட்டுங்கள்.

ஒரு வசனத்தை ஒரே மூச்சில் சொல்ல முடியாவிட்டால், அல்லது நீலப் பம்ப் நாலு மணி நேரம் தாங்காவிட்டால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 1990 அம்புலன்ஸை அழையுங்கள். வண்டி வரும்வரை நிமிர்ந்து உட்கார்ந்து, நீலப் பம்பை ஒவ்வொரு இழுப்பாக, பத்து வரை எடுக்கலாம். அந்த நேரத்தில் சீனியை யோசிக்கவே வேண்டாம்.