கிங்க்ஸ்: ஓடாத ஆல்பத்துலேர்ந்து ஆரம்பிங்க

வணக்கம் சார். பீட்டில்ஸ், ஸ்டோன்ஸ் ஓரளவு கேட்டாச்சு. அதே அறுபதுகள்ல வந்த பிரிட்டிஷ் ராக் பேண்ட் கிங்க்ஸ்ல ஹிட் கலெக்‌ஷன் ஒண்ணு மட்டும் கேட்டேன், பிடிச்சிருந்தது. இருபதுக்கு மேல ஆல்பம் இருக்கே, எதெல்லாம் கட்டாயம் கேக்கணும்?

வணக்கம். கலெக்‌ஷனோட நிறுத்தாம கேட்டீங்களே, அதுவே சந்தோஷம். அவங்களோட யூ ரியலி காட் மீ பாட்டுல வர்ற அந்த கிழிஞ்ச கிட்டார் சத்தம் இருக்கே, அது கிட்டாரிஸ்ட் டேவ் டேவிஸ் தன்னோட சின்ன ஆம்ப்ளிஃபயர் ஸ்பீக்கரை பிளேடால கீறி கொண்டு வந்தது. அதே ரூட்லயே போயிருக்கலாம், ஆனா 1965 அமெரிக்க டூர்ல ஏகப்பட்ட தகராறு, அங்க இருக்குற மியூசிசியன்ஸ் யூனியன் நாலு வருஷம் அங்க வாசிக்க பர்மிட்டே தரல. மத்தவங்க அங்க கல்லா கட்டிட்டு இருக்கும்போது டேவோட அண்ணன், பாட்டெழுதுற ரே டேவிஸ் லண்டன்ல உக்காந்து தெரு, வீடு, அக்கான்னு எழுத ஆரம்பிச்சுட்டார். எனக்கு கிங்க்ஸ்னா அதுலேர்ந்துதான்.

முதல்ல 1968 வில்லேஜ் கிரீன் ப்ரிசர்வேஷன் சொசைட்டி. பிரிட்டன்ல சார்ட்லயே ஏறல, வந்த நாளும் அப்படி, நவம்பர் 22, அதே நாள்தான் பீட்டில்ஸோட ஒயிட் ஆல்பம், பாவம். இது சும்மா பழைய கிராமத்து ஏக்கம்னு சொல்லுவாங்க, நம்பாதீங்க. நீராவி ரயில் பாட்டுல அமெரிக்க ப்ளூஸ் பாடகர் ஹவுலிங் உல்ஃபோட ரிஃப்பை (திரும்பத் திரும்ப வர்ற கிட்டார் துணுக்கு) எடுத்து, மியூசியத்துல நிக்குற கடைசி இஞ்சின் பேசுற மாதிரி பண்ணியிருப்பார், ப்ளூஸ் வாசிச்சுட்டு திரிஞ்ச தன் கூட்டத்தையே கிண்டல் பண்றார்னுதான் எனக்கு தோணும்.

அப்புறம் ரெண்டு ஆல்பத்தை சேர்த்து கேளுங்க. அவரோட அக்கா ரோஸி புருஷனோட ஆஸ்திரேலியா போய் செட்டில் ஆயிட்டாங்க. 1966 ஃபேஸ் டு ஃபேஸ்ல திரும்பி வந்துடும்மான்னு அவங்களை கூப்பிடுற பாட்டு இருக்கு, 1969 ஆர்தர் முழுக்க அந்த அத்தானை வெச்சு எழுதினது. அதுல ஷாங்ரி-லான்னு ஒரு பாட்டு, கடன்ல வீடு வாங்கி ஆடுற நாற்காலில உக்காந்துட்ட மனுஷன், கிண்டலா ஆரம்பிச்சு போகப்போக நமக்கே ஒரு மாதிரி ஆயிடும்.

1967 சம்திங் எல்ஸ்ல வாட்டர்லூ சன்செட் உங்க கலெக்‌ஷன்லயே இருக்கும், ஆனா ஆல்பத்தோட கடைசி பாட்டா கேட்டா வேற மாதிரி. 1971 மஸ்வெல் ஹில்பில்லீஸ் வரைக்கும் போங்க, அதுக்கப்புறம் வந்த நாடக ஆல்பம்லாம் மெதுவா பாத்துக்கலாம்.

ஆங், 1965ல வந்த சீ மை ஃப்ரெண்ட்ஸ். தனிப்பாட்டா வந்த சிங்கிள்தான், ஆனா விட்டுடாதீங்க. ஆஸ்திரேலியா போற வழில பம்பாய்ல இறங்கினப்போ விடியக்காலைல மீனவங்க பாடிட்டு போனதை ரே கேட்டாராம், அதுலேர்ந்து வந்த பாட்டு. சித்தாரே கிடையாது, கிட்டாரை வெச்சே தம்புரா மாதிரி ரீங்காரம், அதுவும் பீட்டில்ஸ் சித்தார் வெச்சு பண்ண நார்வீஜியன் வுட் வர்றதுக்கு சில மாசம் முன்னாடி.