வாசகர் கேள்வி – பதில்: ஸ்போர்ட்ஸ் காரில் நெடுந்தூரப் பயணம்

இருவர் மட்டும் அமரும் தாழ்வான கார்களில் மாநிலம் விட்டு மாநிலம் செல்வது பற்றி நீலகிரியிலிருந்தும் பழனி மலையிலிருந்தும் வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் அளித்திருக்கிறேன்.

கேள்வி: ஐயா, தேயிலைத் தோட்டப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற நான், மேற்கூரை மடங்கும் ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைப் பழைய வண்டியாக வாங்கியிருக்கிறேன். குளிர்காலத்தில் மனைவியுடன் ஜெய்ப்பூர் வரை அதிலேயே போய்வர ஆசை. “இது ஊருக்குள் ஓட்டுகிற வண்டி, வெளியே போனால் அடி தட்டும்” என்று என் மைத்துனர் தடுக்கிறார். போகலாமா? *– குன்னூர் வாசகர்*

பதில்: தாராளமாகப் போகலாம். நூறு கிலோமீட்டர் வேகம் என்பது உங்கள் வண்டியின் இன்ஜினுக்கு ஒரு பொருட்டே அல்ல. அந்த வேகத்தில் அது குறைந்த சுழற்சியில் அமைதியாக ஓடும். நான்கு வழிச்சாலையில் லாரியைக் கடக்கும்போதும், எதிர்பாராமல் பிரேக் பிடிக்க நேரும்போதும், உயரமான எஸ்.யூ.வி.யை விட அது உறுதியாக நிற்கும். உங்கள் மைத்துனர் அஞ்சுவது தரை இடைவெளியைப் பற்றி என்றால், அந்த அச்சத்தில் நியாயம் உண்டு. நம் ஊர்க் குடும்பக் கார்களுக்கு 165 முதல் 180 மில்லிமீட்டர் வரை இருக்கும் இடைவெளி, ஸ்போர்ட்ஸ் கார்களில் 110 முதல் 135 மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது.

சாலைத் தரங்களை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைகள் காங்கிரஸ் சொல்லும் அளவின்படி வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் கொண்டதாக இருக்க வேண்டும். அந்த அளவில் கட்டப்பட்ட மேட்டின் மீது உங்கள் வண்டி மெதுவாக ஏறி இறங்கிவிடும். ஊர்க்காரர்கள் தாங்களே சிமென்ட் கலந்து போட்டுக்கொள்ளும் குறுகிய, செங்குத்தான மேடுகள்தான் அடி தட்ட வைக்கின்றன. அவற்றை நேராகக் கடக்காமல், எதிரே வண்டி வராதபோது, ஒரு சக்கரம் முதலில் ஏறுமாறு கோணலாகக் கடக்க வேண்டும். முன்மூக்கை ஏறத்தாழ 40 மில்லிமீட்டர் உயர்த்தும் வசதி சில கார்களில் உண்டு. உங்கள் வண்டியில் அது இருந்தால், மேட்டுக்கு மிக அருகில் வந்தபின் தேடாமல் முன்கூட்டியே பொத்தானை அழுத்திவிடுங்கள். மேடுகளை விட அதிகமாக முன்பக்கத்தை உரசிக் கெடுப்பவை விடுதிகளின் நிலத்தடி வாகன நிறுத்தங்களுக்கு இறங்கும் சரிவுகள். அறையை முன்பதிவு செய்யும்போதே தரைமட்டத்தில் நிறுத்த இடம் உண்டா என்று கேட்டுக்கொள்வது, காலை உணவு உண்டா என்று கேட்பதை விட முக்கியம்.

வழியைப் பொறுத்தவரை, குன்னூரிலிருந்து உதகை, கூடலூர், முதுமலை, மைசூரு வழியாகப் பெங்களூரு செல்வதுதான் தூரம் குறைந்தது. ஆனால் முதுமலை, பந்திப்பூர் காட்டுச் சாலையில் விலங்குகளுக்காக வரிசையாக வேகத்தடைகள் இருக்கின்றன. பந்திப்பூர் வழியே இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை வாகனங்களுக்கு அனுமதியும் இல்லை. ஆகவே நூறு கிலோமீட்டருக்கு மேல் கூடினாலும், மேட்டுப்பாளையம் இறங்கி, அவிநாசி, சேலம், கிருஷ்ணகிரி வழியாகச் செல்வதையே உங்களுக்குப் பரிந்துரைப்பேன். தாழ்வான வண்டிக்குத் தூரத்தை விடத் தரைதான் முக்கியம். திரும்பி வரும்போது மட்டும், தருமபுரிக்கும் சேலத்துக்கும் இடையிலுள்ள தொப்பூர் இறக்கத்தில் பாரம் ஏற்றிய லாரிகளுக்கு முன்னால் நீண்ட நேரம் ஓடாதீர்கள். பிரேக் பிடிக்காமல் போன லாரிகளால் அங்கே பல விபத்துகள் நேர்ந்திருக்கின்றன.

பெங்களூரிலிருந்து தேசிய நெடுஞ்சாலை 48 ஹூப்ளி, பெலகாவி, கோலாப்பூர், புனே, சூரத், அகமதாபாத், உதய்ப்பூர் வழியாக உங்களை ஜெய்ப்பூருக்கே கொண்டு சேர்க்கும். ஒருவழித் தூரம் ஏறக்குறைய 2,400 கிலோமீட்டர். நாளொன்றுக்கு 400 என்று வைத்துக்கொண்டால், இருட்டுவதற்குள் விடுதி சேர்ந்துவிடலாம். டிசம்பர் பிற்பாதியிலும் ஜனவரியிலும் வடக்கே விடியற்காலைப் பனிமூட்டம் கடுமையாக இருக்கும் என்பதால், நவம்பர் அல்லது பிப்ரவரி மாதம் உகந்தது. கூரையை மடக்கிக்கொண்டு ஓட்டும் ஆசையைக் காலை பத்து மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். அதற்குமேல் லாரிப் புகையும் தக்காணத்து வெயிலும் அந்த இன்பத்தை விட்டுவைக்காது.

கேள்வி: என் கணவரின் காரில் ஸ்டெப்னியே கிடையாது. இரண்டு மாநிலம் தாண்டி டயர் போனால் என்ன செய்வது? *– கோத்தகிரி வாசகி*

பதில்: மிக அவசியமான கேள்வி இது. டயரின் பக்கவாட்டில் 245/35 என்று அச்சிட்டிருந்தால், டயரின் அகலம் 245 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அதில் 35 சதவீதம், அதாவது சுமார் 86 மில்லிமீட்டர் என்று பொருள். 165/80 அளவுள்ள சாதாரண டயரில் அந்தச் சுவர் 132 மில்லிமீட்டர். பள்ளத்தின் அடியை வாங்கிக்கொள்ள ரப்பரும் காற்றும் குறைவாக இருப்பதால், அடி நேராக அலாய் வீலுக்குப் போகிறது. வளையம் நெளிவதும் பக்கச் சுவர் வெடிப்பதும் இதனால்தான். மேலும் பெரும்பாலான ஸ்போர்ட்ஸ் கார்களில் முன் டயருக்கும் பின் டயருக்கும் அளவு வேறு. ஸ்டெப்னி ஒன்று இருந்தாலும் பாதிச் சமயம்தான் பயன்படும் என்பதும், அதை வைக்க இடம் இல்லை என்பதும் தயாரிப்பாளர்கள் அதை விட்டுவிட்டதற்குக் காரணங்கள்.

முதலில், உங்கள் டயர்கள் ‘ரன்ஃபிளாட்’ வகையா என்று பாருங்கள். அவ்வகை என்றால், காற்று முழுவதும் இறங்கியபின்னும் மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மிகாத வேகத்தில் பொதுவாக 80 கிலோமீட்டர் வரை ஓட்டலாம். இல்லையெனில், டியூப்லெஸ் பஞ்சர் கிட், காரின் 12 வோல்ட் இணைப்பில் இயங்கும் சிறிய காற்றடிக்கும் கருவி, அடைப்புத் திரவம் ஆகிய மூன்றும் வண்டியில் இருக்க வேண்டும். ஆணி குத்திய ஓட்டையை இவற்றால் அடைக்கலாம். பக்கச் சுவர் கிழிந்தால் ஒன்றும் செய்ய இயலாது. அப்போது வண்டியைக் கயிறு கட்டி இழுக்க விடாமல், ஃபிளாட்பெட் லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். அதற்கு முன்பம்பரில் திருகிப் பொருத்தும் இழுவைக் கொக்கி தேவைப்படும். அதையும், திருட்டைத் தடுக்கும் வீல் நட்டைக் கழற்றுவதற்கான தனிச் சாவியையும் பலர் வீட்டு அலமாரியிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். சாவி இல்லாமல் எந்தப் பஞ்சர் கடைக்காரராலும் அந்தச் சக்கரத்தை எளிதில் கழற்ற முடியாது.

பழைய வண்டி என்றால் டயரின் வயதையும் பார்த்துவிடுங்கள். பக்கச் சுவரில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது. டயரின் மேற்பரப்பிலுள்ள வரிப்பள்ளங்களான பூ அழியாமல் இருந்தாலும், ஆறேழு ஆண்டு கடந்த டயரோடு நெடும்பயணம் தொடங்குவதை நான் ஏற்கமாட்டேன்.

மலையிலிருந்து இறங்கினால் டயர் அழுத்தம் மாறுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். உதகையில் வெளிக்காற்றின் அழுத்தம் மேட்டுப்பாளையத்தை விட ஏறக்குறைய 3 பி.எஸ்.ஐ. (டயர் காற்றை அளக்கும் அழுத்த அலகு) குறைவு என்பதால், மேலே வந்ததும் அளவி அந்த அளவு கூடுதலாகக் காட்ட வேண்டும். ஆனால் கீழே 35 டிகிரியும் மேலே 12 டிகிரியும் இருந்தால், குளிர்ச்சி டயரின் உள் அழுத்தத்தை ஏறத்தாழ அதே அளவுக்குக் குறைத்துவிடுகிறது. இரண்டும் ஈடுகட்டிக்கொள்வதால் கவலை வேண்டாம். வண்டி ஓடாமல் குளிர்ந்திருக்கும் காலை வேளையில் பார்த்துக்கொண்டால் போதும்.

கேள்வி: வத்தலக்குண்டில் பாய்ந்து செல்லும் என் பழைய ஸ்போர்ட்ஸ் காருக்குக் கொடைக்கானல் வந்ததும் பிக்கப் குறைகிறது. இன்ஜினில் கோளாறா? *– கொடைக்கானல் வாசகர்*

பதில்: காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத இன்ஜினாக இருந்தால் கோளாறு இல்லை. உங்கள் ஊர் இருக்கும் 2,100 மீட்டர் உயரத்தில் காற்று கடல்மட்டத்தை விட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அடர்த்தி குறைந்தது. இன்ஜினுக்குள் செல்லும் ஆக்சிஜன் குறையும்போது திறனும் ஏறத்தாழ அதே விகிதத்தில் குறையும். டர்போ உள்ள வண்டி அழுத்தித் தள்ளி அந்தக் குறையைப் பெருமளவு நிரப்பிக்கொள்ளும். அத்தகைய வண்டியிலும் பிக்கப் வெகுவாகக் குறைந்தால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

கேள்வி: உதகையிலிருந்து கூடலூர் இறங்கும்போது மகனின் புதிய காரில் பிரேக் கருகும் வாடை வந்தது. விலை உயர்ந்த வண்டியிலும் இப்படி ஆகுமா? *– கூடலூர் வாசகர்*

பதில்: ஆகும். பெரிய பிரேக் வட்டுகள் வெப்பத்தை விரைவாக வெளியேற்றும் என்பது உண்மைதான். ஆனால் மிதியில் காலை எடுக்காமல் இறங்கினால் எந்த வட்டும் ஆறுவதற்கு நேரம் கிடைக்காது. அதைவிட ஆபத்தானது பிரேக் ஆயில். அது காற்றிலுள்ள ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொள்ளும். டாட் 4 என்ற தரக்குறியீடு கொண்ட ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் 155 டிகிரியிலேயே கொதிக்கத் தொடங்கலாம். கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழ் உண்டாகி, மிதி அடிவரை இறங்கியும் பிரேக் பிடிக்காது. நம் மலையின் மழைக்காலத்தைக் கருதினால், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அதை மாற்றுவது கட்டாயம்.

உங்கள் மகனின் வண்டி இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக் என்று எழுதியிருக்கிறீர்கள். அத்தகைய கியர்பெட்டியை, தானாகக் கியர் மாறும் ‘டி’ நிலையில் விட்டால், எரிபொருளை மிச்சப்படுத்த மேல் கியருக்குத் தாவிவிடும். சில வண்டிகள் இன்ஜினைச் சக்கரத்திலிருந்து முற்றிலும் விடுவித்து உருளவும் செய்யும். இறக்கத்தில் அது கூடவே கூடாது. கையால் கியர் மாற்றும் நிலைக்கு வந்து, இரண்டாவது அல்லது மூன்றாவது கியரில் இன்ஜினே வண்டியைப் பிடிக்கும்படி இறங்க வேண்டும். பிரேக்கை விட்டுவிட்டு, வளைவுக்கு முன் அழுத்தமாக ஒருமுறை பிடித்து விடுவதே முறை. கோடை விழா நெரிசலில் ஏறும்போது ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்து வண்டியைச் சரிவில் நிறுத்தி வைத்திருப்பதும் தவறு; கிளட்ச் சூடாகிவிடும். பிரேக்கில் நிறுத்திவிட்டு, முன்னால் போதிய இடம் கிடைத்தபின் நகருங்கள்.

உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும், 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கல்லட்டிச் சாலையில் வெளியூர் வண்டிகள் இறங்கத் தடை விதித்திருப்பதற்கும் இதே பிரேக் விவகாரம்தான் காரணம். உள்ளூர்ப் பதிவெண் இருக்கிறது என்பதற்காக அந்த வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை.

கேள்வி: ஸ்போர்ட்ஸ் காருக்குச் சாதாரண பெட்ரோல் போடலாமா? *– உதகை வாசகர்*

பதில்: எரிபொருள் மூடியின் உள்பக்கத்தில் எழுதியிருப்பதே முடிவானது. ஆக்டேன் எண் என்பது, பெட்ரோல் இன்ஜினுக்குள் முன்கூட்டியே வெடிக்காமல் தாங்கும் திறனைக் குறிப்பது. 20 சதவீத எத்தனால் கலப்பு வரும் முன், நம் பெட்ரோல் பங்க்குகளில் கிடைத்த சாதாரண பெட்ரோலில் அது குறைந்தது 91 ஆக இருந்தது. பெரும்பாலான ஸ்போர்ட்ஸ் கார்கள் 95 அல்லது அதற்கு மேல் கேட்கும். வேறு வழியில்லாமல் அதைவிடக் குறைந்த எண்ணுள்ள பெட்ரோலை நிரப்பினால், இன்றைய வண்டிகளில் உள்ள உணரி தீப்பொறி நேரத்தைத் தள்ளிவைத்து இன்ஜினைக் காக்கும்; திறனும் மைலேஜும் சற்றுக் குறையும். அந்தத் தொட்டி தீரும்வரை ஆக்சிலரேட்டரை மிதித்துத் தள்ளாமல் ஓட்டுங்கள். உயர் ஆக்டேன் பெட்ரோல் பெருநகரங்களில்தான் எளிதில் கிடைக்கும் என்பதால், தொட்டி பாதி காலியானதுமே நிரப்பிக்கொள்வது நல்லது. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பரவலாகிவிட்ட நிலையில், பழைய இறக்குமதி வண்டி வைத்திருப்பவர்கள் எரிபொருள் குழாய்களையும் ரப்பர் சீல்களையும் புறப்படும் முன் சோதித்துவிட வேண்டும்.

கேள்வி: 400 குதிரைத்திறன் காரில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு எவ்வளவு நேரத்தில் ஏறலாம்? *– குன்னூர் கல்லூரி மாணவர்*

பதில்: உங்களுக்கு முன்னால் செல்லும் அரசுப் பேருந்து ஏறி முடிக்கும் நேரத்தில். வேகம் பார்க்க வேண்டுமென்றால் கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் காரி மோட்டார் ஸ்பீட்வே என்ற பந்தயத் தடம் இருக்கிறது.

கேள்வி: திண்டுக்கல் பதிவெண் கொண்ட இரண்டு இருக்கை வண்டியில் மனைவியுடன் கொடைக்கானலிலிருந்து நீலகிரி வழியாக ஒரு வாரப் பயணம் போக இருக்கிறேன். சாமான் எப்படி வைப்பது? இ-பாஸ் தேவையா? *– பெருமாள்மலை வாசகர்*

பதில்: தேவை. 2024 மே 7 முதல் வெளி மாவட்ட வண்டிகள் நீலகிரிக்குள் வர இ-பாஸ் கட்டாயம், நீலகிரியின் டி.என். 43 பதிவெண் வண்டிகளுக்கு விலக்கு உண்டு. நெரிசல் காலத்தில் எண்ணிக்கை வரம்பு விதிப்பதும் உண்டு என்பதால், தேதி முடிவானதுமே பதிவு செய்யுங்கள்.

சாமானைப் பொறுத்தவரை, இன்ஜின் பின்னால் இருக்கும் இரண்டு இருக்கைக் கார்களின் முன்பெட்டி பொதுவாக 130 முதல் 150 லிட்டர் வரைதான் கொள்ளும். சக்கரம் வைத்த பெரிய, கெட்டியான பெட்டி உள்ளே போகாது. மடங்கும் துணிப்பைகள் இரண்டு வாங்கி, ஆளுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்வெட்டர்களை மேலாகவும் பஞ்சர் கிட்டைத் தனியாக இருக்கைக்குப் பின்னாலும் வையுங்கள். சாலையோரத்தில் எல்லாத் துணியையும் வெளியே எடுத்த பிறகுதான் கருவி கிடைக்கும் என்ற நிலை வேண்டாம். இன்ஜின் பின்னால் இருக்கும் வண்டியில் அதன் மேலுள்ள பகுதி சூடேறும் என்பதால், மாத்திரை மருந்துகளையும் ஊட்டி வர்க்கியுடன் வாங்கும் சாக்லேட்டையும் முன்பெட்டியில் வைப்பதே சரி.