குழந்தைகள் டிவியில் அன்பு என்பது மென்மையான குரல் மட்டும்தானா?

கேள்வி இதுதான்: மிஸ்டர் ராஜர்ஸ் நிகழ்ச்சியை இன்னமும் ஏன் தூக்கி வைத்துப் பேசுகிறார்கள்?

பிட்ஸ்பர்க்கில் தயாராகி, 1968 முதல் 2001 வரை அமெரிக்கா முழுக்க ஒளிபரப்பான நிகழ்ச்சி அது. ஸ்வெட்டரையும் மெதுவான பேச்சையும் யார் வேண்டுமானாலும் காப்பியடிக்கலாம். அதை நடத்திய பிரெட் ராஜர்ஸ் ஸ்கிரிப்டைத் திருத்திய விதத்தைக் காப்பியடிப்பதுதான் கஷ்டம்.

ஒரு மருத்துவமனைக் காட்சி. ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையில் காற்றடிக்கும் நர்ஸ் சொன்ன சொல்லுக்கு ஆங்கிலத்தில் ‘வெடிக்க வைப்பது’ என்றும் பொருள் உண்டு. பயந்த குழந்தையின் காதில் அதற்குப் பிறகு எதுவும் ஏறாது. ‘கொஞ்சம் காற்று அடைக்கப்போகிறேன்’ என்று மாற்றி மறுபடி டப்பிங் செய்ய வைத்தார்.

அவரோடு வேலை பார்த்த இருவர் 1977ல் இந்த முறையை 9 படிகளாக, பாதி கிண்டலாக எழுதி வைத்தார்கள். ‘தெருவில் விளையாடுவது ஆபத்து’ என்று தொடங்குங்கள். முதலில் எதிர்மறை போகும்: ‘பாதுகாப்பான இடத்தில் விளையாடுவது நல்லது’. அடுத்து, குழந்தை நம்பும் ஆளிடம் அனுப்ப வேண்டும்: ‘எங்கே விளையாடலாம் என்று அப்பா அம்மாவிடம் கேள்’. அடுத்து கட்டளைத் தொனி போகும்: ‘எங்கே விளையாடலாம் என்று அப்பா அம்மா சொல்வார்கள்’. ‘சொல்வார்கள்’ என்ற உறுதியும் போகும், ஏனென்றால் சொல்லாத வீடும் உண்டு. அப்பா அம்மா இல்லாத குழந்தையும் பார்க்குமே? ஆக, ‘உனக்குப் பிடித்த பெரியவர்கள் சொல்லலாம்’. மீதிப் படிகள், கேட்டு நடப்பது வளர்வதில் ஒரு பகுதி என்பதைச் சேர்க்க.

ஒருமுறை பொம்மைப் பூனையிடம் நடிகர் ஒருவர் ‘அழாதே’ என்றதும் ராஜர்ஸ் படப்பிடிப்பையே நிறுத்திவிட்டார். நம் வீடுகளில் வாயில் முதலில் வரும் சொல்லே அதுதான்!

நிகழ்ச்சியில் மீனுக்கு இரை போடும்போது அவர் அதை வாய்விட்டுச் சொன்னதற்கும் காரணம் உண்டு. பார்வையில்லாத ஒரு சிறுமி, மீன் பட்டினி கிடக்கிறதோ என்று கவலைப்பட்டு எழுதியிருந்தாள்.

ஆனால் டிவியைப் போட்டுவிட்டுச் சமையலறைக்குப் போனால் பலன் குறைவு. ராஜர்ஸ் நிகழ்ச்சியின் வழியில் 2012ல் வந்த டேனியல் டைகர் கார்ட்டூனை டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்தார் 2 முதல் 6 வயதுக் குழந்தைகளிடம் சோதித்தார்கள். பார்ப்பதைப் பற்றி அடிக்கடி பேசும் பெற்றோரின் பிள்ளைகளிடம்தான் பிறர் மனதைப் புரிந்துகொள்ளும் குணம் கூடியது. ‘என்ன கத்துக்கிட்டே?’ என்று பரீட்சை வைக்காதீர்கள். ‘அந்தப் புலிக்குட்டிக்கு அப்போ எப்படி இருந்திருக்கும்?’ என்று கேளுங்கள்.