ரேஸ் காருக்கு வண்ணம் கொடுப்பதும் ஒரு வேலையா?

ஐயா, "காருக்குப் பெயின்ட் அடிக்கவா என் பெண்ணைப் படிக்க வைக்கிறேன்?" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் ரேஸ் காருக்கு வண்ணம் வடிவமைக்கப் போகிறேன் என்று அவள் சொல்வது பெயின்டர் வேலை அல்ல. பந்தய அணியின் கார், ஓட்டுநர் உடை, லாரி, ரசிகர் வாங்கும் தொப்பி எல்லாவற்றுக்கும் ஒரே முகம் கொடுக்கிற வேலை. காரின் வண்ணத் தோற்றத்தை அந்தத் துறையில் லிவரி என்பார்கள்.

ஒரு காலத்தில் அந்த வண்ணம் நாட்டைக் குறித்தது. இத்தாலிக்குச் சிவப்பு, பிரிட்டனுக்குப் பச்சை, பிரான்சுக்கு நீலம். 1968இல் ஃபார்முலா ஒன் கார் பந்தயத்தில் விளம்பரத்துக்குக் கதவு திறந்ததும், லோட்டஸ் அணி பச்சையை விட்டுவிட்டு கோல்ட் லீஃப் சிகரெட்டின் சிவப்பு, வெள்ளை, தங்க நிறத்துக்கு மாறியது. அப்புறம் வண்ணத்தை முடிவு செய்வதில் ஸ்பான்சருக்கும் பெரிய பங்கு வந்துவிட்டது. 2017இல் ஃபோர்ஸ் இந்தியா கார் வெள்ளி நிறத்தில் அறிமுகமானது. பிடபிள்யூடி என்ற தண்ணீர்ச் சுத்திகரிப்பு நிறுவனம் ஸ்பான்சராக வர, முதல் பந்தயத்துக்குச் சில நாள் இருக்கும்போது எல்லாம் இளஞ்சிவப்பு! அந்த அணியின் வடிவமைப்பாளர்கள் அந்த வாரம் தூங்கியிருப்பார்களா என்பது சந்தேகம்தான்.

உங்கள் பெண் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். அழகாக வரைகிற கை மட்டும் போதாது; பல பேருடைய நெருக்கடிக்கு நடுவில் வரையத் தெரிய வேண்டும். 1999இல் பிஏஆர் அணி இரண்டு கார்களுக்கு இரண்டு சிகரெட் பிராண்டுகளின் வண்ணங்களைத் தனித்தனியாகக் கொடுக்க நினைத்தது. இரண்டு கார்களும் ஒரே தோற்றத்தில் இருக்க வேண்டும் என்ற விதி குறுக்கே நின்றது. கடைசியில் ஒரே காரில் ஒரு பக்கம் ஒரு பிராண்டு, மறுபக்கம் இன்னொன்று, நடுவில் ஒரு ஜிப் படம். பார்க்க எனக்குப் பிடிக்காது, ஆனால் கொடுத்த கட்டத்துக்குள் வேலையை முடித்துவிட்டார்கள்.

பொறியாளர்களும் விட மாட்டார்கள். பெயின்டுக்கும் எடை உண்டு. 2022இல் புதிய விதிப்படி செய்த கார்கள் கனமாகிப்போனதால், சில அணிகள் வண்ணத்தைக் குறைத்து, காரின் உடலான கார்பன் ஃபைபரை அப்படியே கறுப்பாக விட்டன. 2023இல் மெர்சிடிஸ் கறுப்புக்குத் திரும்பியதற்கும் எடைதான் காரணம். திரையில் நன்றாக இருந்த வடிவம் இப்படிப் பாதியாகக் கரைந்தாலும், மீதியில் அணியை அடையாளம் தெரிய வைக்க வேண்டும்.

சரி, வேலை கிடைக்குமா? நேராகச் சொல்கிறேன்: ஃபார்முலா ஒன்னில் இருப்பது பத்துப் பதினோரு அணிகள்தான், பெரும்பாலும் இங்கிலாந்தில். அதை மட்டும் நம்பிப் படிக்க வைக்காதீர்கள். ஆட்டோமொபைல் டிசைன் படிப்பிலும் அவசரப்பட்டுச் சேர்க்க வேண்டாம். அது காரின் உருவத்தை வடிவமைக்கிற படிப்பு. அவளுக்குத் தேவை கிராஃபிக் டிசைன் அல்லது விஷுவல் கம்யூனிகேஷன் பட்டம். அதைப் படித்தவர் விளம்பர நிறுவனம், பேக்கேஜிங், விளையாட்டு ஒளிபரப்பு என்று எங்கும் போகலாம், ரேஸ் அணிக்கும் போகலாம்.

படம் வரையும் இல்லஸ்ட்ரேட்டர், முப்பரிமாண உருவம் செய்யும் பிளெண்டர் ஆகிய மென்பொருள்களை இப்போதே பழகட்டும். ஐரேசிங், அசெட்டோ கோர்சா போன்ற பந்தய விளையாட்டுகளில் சொந்த லிவரியை ஏற்றி ஓட்டிப் பார்க்கலாம், செலவும் குறைவு. விடுமுறையில் வாகனங்களுக்கு வினைல் என்ற ஸ்டிக்கர் தாள் ஒட்டுகிறவர்களிடம் கொஞ்ச நாள் உதவியாளராக இருக்கட்டும். தட்டையாக வரைந்த கோடு வளைவான உலோகத்தில் எப்படிக் கோணிக்கொள்கிறது என்பது ஒட்டிப் பார்த்தால்தான் புரியும்.

வேலை கேட்கும்போது காட்டும் படைப்புத் தொகுப்பான போர்ட்ஃபோலியோவில் பளபளப்பான படங்களைக் குவிக்க வேண்டாம். ஒரு கற்பனை அணி, மூன்று கற்பனை ஸ்பான்சர்கள் போதும். பக்கவாட்டில், மேலிருந்து, இரவு விளக்கில், கைப்பேசித் திரையின் சின்ன அளவில் என்று அதே காரைக் காட்டி, ஒவ்வொரு முடிவுக்கும் காரணம் எழுதட்டும்.

மோட்டார்ஸ்போர்ட் என்று பெயர் போட்ட வெளிநாட்டுக் குறுகிய படிப்புக்குக் கடன் வாங்குவதை மட்டும் இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். பட்டம் முடிந்து, இரண்டு வருடம் ஏதாவது ஒரு டிசைன் நிறுவனத்தில் சம்பளம் வாங்கிய பிறகும் அவள் இதே பேச்சில் இருந்தால், அப்போது மறுபடி எழுதுங்கள்.